மலைப்பகுதிகளில் பனிக்கால வானிலை மாற்றம், பலத்த காற்று, உறைபனி: பயிர் பாதுகாப்பு முறைகள்

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான நான்கு மாதங்கள் விவசாயிகளுக்குச் சோதனையான காலம். ஒரு வாரம் சாரல் மழையும் மேகமூட்டமும் இருக்கும். அடுத்த வாரம் வானம் வெளுத்து, பகலில் சுள்ளென்று வெயிலும் இரவில் உறைபனியும் வரும். இடையில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் இரண்டு நாள் பலத்த காற்று அடிக்கும். மூன்றுக்கும் தேவைப்படும் பாதுகாப்பு வேறு வேறு. மழைக்குச் செய்த ஏற்பாடு பனிக்கு எதிராகப் போவதும், காற்றுக்குக் கட்டிய தடுப்பு பனியைத் தோட்டத்திலேயே தேக்கி வைப்பதும் மலையில் அடிக்கடி நடக்கிறது. உருளைக்கிழங்கு போட்ட சிறு விவசாயிக்கு ஒரே இரவில் செடி முழுவதும் கருகினால் விதைக்கிழங்குக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன்தான் மிஞ்சும். ஆகவே எந்த நாளில் எது வரும் என்பதை முன்கூட்டியே கணிக்கத் தெரிந்துகொள்வது அவசியம்.

வானிலை மாறும் விதம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நீலகிரியில் இதன் பலன் கிழக்குச் சரிவில் உள்ள குன்னூர், கோத்தகிரி பகுதிகளுக்கு அதிகம். மேற்கே உள்ள குந்தா, அவலாஞ்சி பகுதிகளுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் பெருமழை தருவது. எனவே பனிக்காலத்தில் ஒரே மாவட்டத்தில் கோத்தகிரியில் மழை பெய்துகொண்டிருக்க, ஊட்டிக்கு மேற்கே உறைபனி கொட்டுவதும் உண்டு. மாவட்டம் முழுமைக்கும் சொல்லப்படும் வானிலை அறிவிப்பை அப்படியே தன் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்வது சரியாக வராது.

தாழ்வு மண்டலம் வரும்போது மேகம் போர்வை போல மூடியிருக்கும். பகல் குளிராக இருந்தாலும் இரவு வெப்பநிலை அதிகம் இறங்காது. அந்த நாட்களில் உறைபனி வராது. மண்சரிவு, வேர் அழுகல், கருகல் நோய், காற்றில் மரம் விழுவது ஆகியவைதான் அப்போதைய ஆபத்துகள். தாழ்வு மண்டலம் கரை கடந்து வலுவிழந்ததும் வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று உள்ளே வரும். வானம் தெளியும், காற்று அடங்கும். மழை விட்ட அந்த இரண்டாம், மூன்றாம் இரவுதான் ஆபத்தானது. "மழை போய்விட்டது" என்று விவசாயிகள் நிம்மதியாகத் தூங்கும் இரவும் அதுவே.

புயல்களின் தாக்கம் கடற்கரையோடு நிற்பதில்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் டெல்டாவைத் தாண்டி, திண்டுக்கல் வழியாக மேற்கு நோக்கி நகர்ந்தபோது கொடைக்கானல் மலையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் பெய்த பெருமழையில் ஏற்பட்ட மண்சரிவுகள் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. கடலோரத்துக்கு எச்சரிக்கை விடப்படும்போதே மலை விவசாயிகளும் தயாராகிவிட வேண்டும்.

உறைபனி எப்படி உருவாகிறது?

பகலில் மண் வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்துக்குத் திருப்பி விடுகிறது. மேகம் இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். வானம் தெளிவாக இருந்தால் முழுவதும் வெளியேறிவிடும். அப்போது தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் கீழ்நோக்கி வடிந்து பள்ளத்தில் தேங்குகிறது. காற்று வீசினால் மேலே உள்ள சற்றே வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். அதனால் காற்றுள்ள இரவில் உறைபனி அரிது. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி, அப்பர் பவானி போன்ற தாழ்வான, நீர்நிலையை ஒட்டிய புல்வெளிகளில் முதலில் வெள்ளை படிவதற்குக் காரணம் இதுதான். அதே உயரத்தில், சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் தோட்டம் தப்பிவிடும்.

நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும். இலையில் நீர்த்துளியாகப் படியும் இதனால் நேரடிப் பாதிப்பு குறைவு. நீர் படியும்போது சிறிது வெப்பம் வெளிப்படுவதால் இலை அதற்கு மேல் வேகமாகக் குளிர்வதில்லை. டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்ட பிறகு வருவது உறைபனி. காற்றில் ஈரப்பதம் மிகவும் குறைவாக இருந்தால் வெள்ளைப் படிவமே தெரியாது. காலையில் செடி நன்றாக இருப்பது போலத் தோன்றி, வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கருத்துவிடும். நோய் என்று நினைத்துப் பூஞ்சாணக்கொல்லி அடித்துப் பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான்.

செய்திகளில் "குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி" என்று வந்தால் உறைபனி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வானிலை மையத்தின் வெப்பமானி தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டருக்கு மேல், நிழல் தரும் பெட்டிக்குள் இருக்கும். தெளிவான இரவில் புல்லின் மட்டத்தில் வெப்பம் அதைவிட 2 முதல் 5 டிகிரி வரை குறைவாக இருக்கும். அதாவது, அறிவிப்பில் 3 டிகிரி என்றால் உங்கள் கேரட் பாத்தியில் பூஜ்யமாக இருக்கலாம். குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி, தோட்டத்தின் மிகத் தாழ்வான பாத்தியில் பயிரின் உயரத்திலேயே வைத்து, ஒரு பருவம் குறித்து வந்தால் போதும். அறிவிப்புக்கும் தோட்டத்துக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த அறிவிப்பையும் அந்தக் கணக்கோடு படிக்கலாம்.

மாலை 6 மணிக்கே சில அடையாளங்கள் தெரியும். பகலில் வீசிய காற்று சட்டென்று நிற்கும், வானத்தில் ஒரு துண்டு மேகமும் இருக்காது, பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர் வேகமாக இறங்கும். இவை மூன்றும் சேர்ந்தால் அன்றிரவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உறைபனி பெரும்பாலும் விடியற்காலை 3 மணிக்கு மேல்தான் கடுமையாகும்.

உறைபனிக்கு முன் செய்ய வேண்டியவை

மண்ணை ஈரமாக வைப்பதே முதல் பாதுகாப்பு. ஈரமான, இறுகிய மண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமித்து இரவில் மெதுவாக வெளிவிடும். உலர்ந்த, கொத்திவிட்ட மண்ணில் காற்று நிறைந்திருப்பதால் கீழே உள்ள வெப்பம் மேலே வராது. ஆகவே உறைபனி எதிர்பார்க்கும் நாளில் முற்பகலிலேயே பாசனம் செய்துவிட வேண்டும். மாலையில் பாய்ச்சினால் மண் சூடேற நேரம் இருக்காது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் களைக்கொத்து போடுவதைத் தவிர்த்து, களையை அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

மூடாக்கு விஷயத்தில் கவனம் தேவை. வைக்கோல், காய்ந்த இலை மூடாக்கு மழைக்காலத்தில் மண் அரிப்பைத் தடுக்கும். ஆனால் உறைபனி இரவில் அதே மூடாக்கு மண்ணின் வெப்பத்தை மேலே வரவிடாமல் தடுத்து, செடியின் மீது பனி கூடுதலாகப் படியச் செய்யும். பள்ளத்தில் உள்ள காய்கறிப் பாத்திகளில் பருவமழை ஓய்ந்ததும் மூடாக்கைச் செடி வரிசையிலிருந்து ஒதுக்கி இடைவெளியில் போட்டுவைக்கலாம். சரிவில் உள்ள பாத்திகளில் அப்படியே விட்டுவிடலாம்.

மூடுவது என்றால் செடிக்கு மேலேதான் மூட வேண்டும். நாற்றங்கால், இளம் தேயிலைக் கன்று, புதிதாக நட்ட பழக்கன்றுகளுக்குப் பெரணி இலை, காட்டுச் செடிக் கிளைகள், சாக்கு, நிழல்வலை எதையும் பயன்படுத்தலாம். பாலித்தீன் தாளை இலை மீது நேரடியாகப் படும்படி போர்த்தினால், தொட்ட இடமெல்லாம் கருகும். குச்சி நட்டு, அதன் மேல் பந்தல் போலப் போர்த்தி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

தெளிப்பு நீர்ப்பாசனம் மலைக் காய்கறி விவசாயிகள் அதிகம் நம்பும் முறை. இதில் நடக்கும் தவறும் அதிகம். நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், தொடர்ந்து நனைந்துகொண்டிருக்கும் இலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போகாது. தெளிப்பு நின்றுவிட்டால் ஈரம் ஆவியாகி இலையை இன்னும் குளிர்விக்கும். ஆகவே இரவில் தொடங்கினால், விடிந்து பனிக்கட்டி முழுவதும் உருகி ஓடும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அதற்குத் தேவையான தண்ணீரோ மின்சாரமோ உறுதியாக இல்லை என்றால் நள்ளிரவில் தொடங்கவே வேண்டாம். அதற்குப் பதில், செடியின் மீது வெயில் விழுவதற்கு முன்பு, விடியற்காலையில் தெளித்துப் பனியைக் கரைத்துவிடும் பழக்கமே சிறு விவசாயிக்கு ஏற்றது. வறண்ட காற்று வீசும் அதிகாலையில் இதையும் செய்யக் கூடாது.

புகை போடுவது பலரும் சொல்லும் யோசனை. புகை மண்ணின் வெப்பம் வெளியேறுவதைத் தடுப்பது மிகக் குறைவு. ஜனவரியில் காய்ந்து கிடக்கும் புல்வெளிக்கும் சோலைக்காட்டுக்கும் அருகில் தீ வைத்து, பனியைத் தடுக்கப் போய்க் காட்டுத்தீயை வரவழைப்பதில் எந்தப் பயனும் இல்லை.

உரத்தைப் பொறுத்தவரை, நவம்பர் பிற்பகுதிக்கு மேல் யூரியா போன்ற தழைச்சத்து உரங்களை அதிகம் கொடுத்தால் இளசான தளிர் வந்து முதல் பனியிலேயே கருகும். சாம்பல் சத்து போதுமான அளவு கிடைத்த செடி குளிரை ஓரளவு தாங்கும்.

காற்றுத் தடுப்பும் அதன் விளைவுகளும்

காற்றுத் தடுப்பு என்றதும் கெட்டியான சுவர் அல்லது தகரம் என்று நினைக்கிறார்கள். கெட்டியான தடுப்பில் மோதும் காற்று மேலேறி, மறுபுறம் சுழலாக விழுந்து பயிரை மேலும் உலுக்கும். பாதியளவு காற்றை ஊடுருவ விடும் உயிர்வேலியே சிறந்தது. அதன் உயரத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் குறையும். 3 மீட்டர் உயர வேலி என்றால் ஏறக்குறைய 30 மீட்டர் வரை பயன் உண்டு.

ஆனால் மலையில் இதற்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. சரிவின் அடிப்பகுதியில் குறுக்காக அடர்ந்த வேலி வைத்தால், இரவில் வடியும் குளிர்காற்று அங்கே அணைபோலத் தேங்கும். வேலிக்கு மேல்புறம் உள்ள பாத்திகள்தான் முதலில் கருகும். கீழ் எல்லையில் வேலி தேவை என்றால் தாழ்வான மூலையில் இடைவெளி விட்டு, அடிக்கிளைகளை வெட்டி, குளிர்காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். மேல் எல்லையில் அடர்ந்த வேலி இருப்பது நல்லது. மேலே இருந்து வரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் உள்ள சில்வர் ஓக் நிழல் மரங்களிலும் இதே சிக்கல் உண்டு. கிளைகள் அதிகம் இருந்தால் காற்றில் முறியும். முழுவதும் கழித்துவிட்டால் தேயிலை வானத்துக்குத் திறந்து கிடந்து பனியில் கருகும். கனமான கவாத்தை மே மாதத்தில், தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன் முடித்துவிட்டு, பனிக்காலத்தில் காய்ந்த, முறிந்த கிளைகளை மட்டும் அகற்றுவது இரண்டுக்கும் பொருந்தும். வீட்டின் மீதோ லைன் குடியிருப்பின் மீதோ சாயும் நிலையில் உள்ள மரங்களை வெட்டுவதற்கு, 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு விண்ணப்பித்துப் பயனில்லை. செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

கார்னேஷன் போன்ற கொய்மலர்கள் வளர்க்கும் பசுமைக்குடில்களில் இழப்பு ஒரு சிறு கிழிசலில்தான் தொடங்கும். காற்று உள்ளே புகுந்து தாளை மேல்நோக்கித் தூக்கும்போது கம்பிகளே வளைந்துவிடுகின்றன. கிழிசலை ஒட்டுவது, தளர்ந்த ஸ்பிரிங்குகளை மாற்றுவது, அடித்தூண் பிடிமானத்தைப் பார்ப்பது ஆகியவற்றை அக்டோபரிலேயே முடிக்க வேண்டும். பலத்த காற்று வீசும்போது காற்று வரும் பக்கத்துத் திரையை இறக்கி முழுவதும் மூடிவிட வேண்டும்.

கொடி பீன்ஸ், பட்டாணிக்கு நட்ட குச்சிகளைத் தனித்தனியாக விடாமல் மேலே குறுக்குக் கயிறு கட்டி இணைத்தால் ஒன்றையொன்று தாங்கும். பழனி மலை, கொல்லிமலையின் கீழ்ச் சரிவுகளில் உள்ள மலைவாழைக்குக் குலை தள்ளிய மரங்களுக்கு மட்டுமாவது, காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக முட்டுக் கொடுக்க வேண்டும். மிளகுக் கொடி மரத்திலிருந்து பிரிந்து தொங்கினால் காற்றில் அறுந்துபோகும். தளர்ந்த கொடிகளை மழைக்கு முன்பே கட்டிவிடுவது நல்லது.

பயிர் வாரியாகக் கவனிக்க வேண்டியவை

உருளைக்கிழங்கு: உறைபனிக்கும் மழைக்கும் ஒரே அளவில் பயப்பட வேண்டிய பயிர். மேகமூட்டம், சாரல், மிதமான குளிர் தொடர்ந்து 3 நாள் இருந்தாலே பின்பருவ இலைக்கருகல் நோய் பரவத் தொடங்கிவிடும். நட்ட 45, 60, 75-ம் நாட்களில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேன்கோசெப் 2 கிராம் வீதம் ஒட்டும் திரவம் சேர்த்து, இலையின் அடிப்பகுதியும் நனையும்படி தெளிக்க வேண்டும். இது நோய் வருமுன் காப்பதற்கு. நோய் பரவிய பிறகு மேன்கோசெப் மட்டும் கட்டுப்படுத்தாது, ஊடுருவும் மருந்து கலந்த கலவை தேவைப்படும். குஃப்ரி கிர்தாரி போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்கள் பற்றி ஊட்டி முத்தொரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம். கிழங்கு வெளியே தெரியாதபடி உயரமாக மண் அணைத்தால், மழையில் நோய் வித்துகள் கிழங்கைச் சென்று தொடுவது குறையும்.

உறைபனியில் இலை கருகிவிட்டால் கிழங்கும் போய்விட்டது என்று பொருளல்ல. பயிருக்கு 80 நாட்களுக்கு மேல் ஆகியிருந்தால் கருகிய தண்டை அறுத்து அப்புறப்படுத்தி, 10 முதல் 15 நாட்கள் விட்டு, தோல் இறுகிய பின் தோண்டலாம். இளம்பயிர் என்றால் அடிக்கணுவிலிருந்து தளிர்க்கிறதா என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் நடும் பாசனப் பயிரைப் பள்ளப் பாத்திகளில் கடைசியாக நடுவது நல்லது.

கேரட், முட்டைகோஸ்: இரண்டும் குளிர் தாங்குபவை. கேரட்டின் தழை கருகினாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சில நாள் சாலை துண்டிக்கப்பட்டாலும் கேரட்டை நிலத்திலேயே விட்டு வைக்கலாம். முட்டைகோஸ் அப்படியல்ல. வறட்சிக்குப் பிறகு திடீர் மழை வந்தால் முற்றிய கோஸ் வெடித்துவிடும். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் வெட்டி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்ப வேண்டியது கோஸையும் பீன்ஸையும்தான்.

தேயிலை: மழைநாட்களில் கொப்புள நோய், ஜனவரிக்கு மேல் வறண்ட காற்றில் செஞ்சிலந்தி என்று ஒன்றை அடுத்து ஒன்று வரும். உறைபனிப் பள்ளங்களில், டிசம்பர், ஜனவரியில் புதுத்தளிர் வரும்படி கவாத்து செய்யக் கூடாது. மூணாறில் 2019 ஜனவரியில் நாள்கணக்கில் உறைபனி நீடித்தபோது தேயிலைக் கொழுந்துகள் பெருமளவில் கருகின. அப்படிக் கருகிய செடிகளை உடனே வெட்டிவிடத் தோன்றும். பனிக்காலம் முடியும் வரை விட்டு வைப்பதே சரி. கருகிய மேலடுக்கு அடுத்த பனியிலிருந்து கீழ்க் கிளைகளைக் காக்கும். பனி முடிந்ததும் மேலோட்டமாக வெட்டிவிட்டு, மழை கிடைத்துத் தளிர் வந்த பிறகு உரமிடலாம்.

காபி: ஏற்காட்டிலும் கீழ்ப்பழனியிலும் அராபிகா பழுக்கும் காலமே வடகிழக்குப் பருவமழைக் காலம். பழுத்த பழத்தை மழைக்கு முன் பறிக்காவிட்டால் வெடிக்கும், உதிரும். ஒரே பறிப்புக்குக் காத்திருக்காமல் பழுத்ததை மட்டும் இரண்டு, மூன்று முறையாகப் பறிக்க வேண்டும். களத்தில் காயும் காபியை இரவில் நீர்ப்பனி படாமல் குவித்து மூட வேண்டும்.

மருந்து தெளிக்கும் நேரம்

மலையில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவிலும் விடியற்காலையிலும் சரிவிலிருந்து பள்ளத்துக்கும், வெயில் ஏறிய பிறகு பள்ளத்திலிருந்து மேல்நோக்கியும் வீசும். இரண்டுக்கும் இடையில், இலை ஈரம் உலர்ந்த பின் கிடைக்கும் அமைதியான நேரமே தெளிப்புக்கு ஏற்றது. பனி ஈரம் சொட்டும் இலையில் தெளித்தால் மருந்து வடிந்து ஓடிவிடும். தெளித்து மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் மழை வரும் என்றால் தெளிப்பைத் தள்ளிவைக்க வேண்டும்.

மழை, காற்று எச்சரிக்கை வந்தால் படிமட்ட வயல்களின் வடிகால்களைத் தூர்வாரி, தண்ணீர் ஒரே இடத்தில் குவியாமல் பிரித்து வெளியேற்ற வேண்டும். மேட்டில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்று கலங்கலாக வந்தாலோ அந்தச் சரிவுக்குக் கீழே யாரும் வேலை செய்யக் கூடாது. பலத்த காற்றில் கற்பூர மரத்துக்கும் சில்வர் ஓக்குக்கும் அடியில் ஒதுங்குவதைத் தொழிலாளர்கள் தவிர்க்க வேண்டும். கிளை முறிவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது.

முன்னறிவிப்பும் காப்பீடும்

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வாரியாக வெளியிடப்படும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். இடி, மின்னலுக்கு தாமினி செயலி உள்ளது. அறிக்கையில் மழையை மட்டும் பார்க்காமல், மேகமூட்டம், காற்றின் வேகம், குறைந்தபட்ச வெப்பநிலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உறைபனி இரவைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் மண்சரிவு, ஆலங்கட்டி மழை, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் ஏற்படும் தீ ஆகியவற்றால் தனிப்பட்ட வயலுக்கு ஏற்படும் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அறுவடை செய்து வயலில் உலர வைத்த விளைபொருள் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ சேதமானால் 14 நாட்கள் வரை பாதுகாப்பு உண்டு. உறைபனி இந்தத் தனிவயல் பட்டியலில் இல்லை. அது பகுதி அளவிலான மகசூல் இழப்பாகவே கணக்கிடப்படும். உங்கள் பள்ளத்து வயல் மட்டும் கருகி, பக்கத்து மேட்டு வயல்கள் நன்றாக விளைந்தால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். இதைப் பிரீமியம் கட்டும்போதே தோட்டக்கலை உதவி அலுவலரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அடங்கல், விதைப்புச் சான்று, பயிர் நன்றாக இருந்தபோது எடுத்த ஒரு புகைப்படம், பாதித்த மறுநாள் அதே இடத்தில் எடுத்த இன்னொரு புகைப்படம் ஆகியவற்றை ஒன்றாக எடுத்து வைத்திருந்தால் அலுவலகத்துக்கு இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது.